மணற்பரப்பு முதல் கணனித் திரை வரை

புலம்பெயர்ந்து வாழும் எமது வீடுகளில் மாலை வேளைகளில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பாடசாலையால் வந்த பிள்ளை கணக்குக் கொப்பியை விரித்து வைக்கிறது. கேள்வி பிரெஞ்சிலோ ஜேர்மன் மொழியிலோ நோர்வேஜிய மொழியிலோ அமைந்திருக்கிறது. தாய் எட்டிப் பார்க்கிறார். கணக்கு அவருக்குத் தெரியும்; அக்கணக்கு கேட்கப்பட்டுள்ள மொழி தெரியாது. தந்தை வேலையால் வர இரவு பத்து மணியாகும். இறுதியில் தொடுதிரைக் கணனி பிள்ளையின் கையில் கொடுக்கப்படுகிறது. "இதில் கணக்கு விளையாட்டு இருக்கிறது, செய்து பழகு" என்று சொல்லிவிட்டுத் தாய் குசினிக்குள் போய்விடுகிறார். திரையில் மணி ஒலிக்கிறது, நட்சத்திரங்கள் சொரிகின்றன, புள்ளிகள் ஏறுகின்றன. பிள்ளை படிக்கிறது என்ற ஆறுதல் எமக்குக் கிடைத்துவிடுகிறது.

அந்த ஆறுதல் நியாயமானதா? இக்கேள்விக்கு விடை காண விளம்பரங்களைப் பார்த்துப் பயனில்லை. குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக மனிதர் கண்டுபிடித்த கருவிகளின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பதே தக்கது. அவ்வரலாறு எமக்கு அந்நியமானதன்று. அதன் முதல் அத்தியாயங்களில் ஒன்று சென்னைப் பட்டினத்தின் மணலில் எழுதப்பட்டது.

எழும்பூரில் கண்ட மணல்

ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் வழக்கத்தை நாம் இங்கும் கைவிடவில்லை. முன்னைய திண்ணைப் பள்ளிகளில் அரிசிக்கு அடுத்தபடியாக மணல் இருந்தது. நிலத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதும், எழுதியதை உரக்கச் சொல்வதும், பிழையானால் உள்ளங்கையால் தடவி அழித்துவிட்டு மீண்டும் எழுதுவதுமே அக்காலக் கல்வி. மணலுக்கு அடுத்தது எண்சுவடி. ஒன்றினை முந்நூற்றிருபது கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நெல் அளப்பதற்கும் பொன் நிறுப்பதற்கும் நிலம் அளப்பதற்கும் வேண்டிய வாய்பாடுகள் யாவும் பிள்ளையின் நாவில் ஏற்றப்பட்டன. மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவனைச் சட்டாம்பிள்ளை என்றனர். மனனமும் பிரம்பும் நிறைந்த அம்முறையை நாம் கண்மூடிப் புகழ வேண்டியதில்லை. எனினும் அங்கே எந்தப் பிள்ளையும் தனித்து விடப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

1789 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்து நாட்டவரான அன்ட்ரூ பெல் என்னும் மதகுரு சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பாளரானார். ஆங்கிலப் படையினருக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்து, கவனிப்பாரற்றுப்போன சிறுவர்களே அங்கிருந்தோர். ஒருநாள் பெல் ஓர் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அம்முறையைத் தமது விடுதியிலும் புகுத்த விரும்பினார். கீழிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்க மறுத்தனர். பெல் சலிக்கவில்லை. ஜோன் பிறிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் ஒப்படைத்தார். ஆசிரியர்கள் முடியாது என்று கைவிட்டதைச் சிறுவன் செய்து காட்டினான்.

1797 இல் பெல் இலண்டனில் இதனைப் பற்றி நூல் வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயருடன் அது பிரித்தானியா எங்கும் பரவியது. ஆயிரக்கணக்கான பாடசாலைகளில் ஏழைப் பிள்ளைகள் மணற்பலகையில் விரலால் எழுதினர். பெல் விட்டுச்சென்ற செல்வத்தில் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் எழுந்த கல்லூரிக்கு இன்றும் "மெட்ராஸ் கல்லூரி" என்றே பெயர். எமது முன்னோரின் மணல் ஐரோப்பாவுக்குப் போன கதை இதுவாகும்.

ஆனால் மணல் கடல் கடந்தபோது அதனுடன் இருந்த நெருக்கம் முழுமையாகக் கடல் கடக்கவில்லை. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கும் மலிவான வழியாகவே பலர் அம்முறையைக் கண்டனர். மணி அடித்தால் எழுதுவதும் மணி அடித்தால் அழிப்பதுமாக வகுப்புகள் மாறின. கருவி ஒன்று செலவைக் குறைக்கும் சாதனமாகும்போது என்ன நேரும் என்பதற்கு இது முதலாவது எச்சரிக்கை.

கையால் தொட்ட எண்கள்

பெல் சென்னையை விட்டு நீங்கிய சில ஆண்டுகளில், சுவிற்சர்லாந்தின் ஸ்ரான்ஸ் என்னும் ஊரில் மற்றுமோர் அநாதை விடுதி திறக்கப்பட்டது. 1798 செப்டெம்பரில் பிரெஞ்சுப் படைகள் அப்பகுதியைத் தாக்கி அழித்திருந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பொறுப்பேற்றவர் பெஸ்தலோசி. புத்தகமும் இல்லை, உதவியாளரும் இல்லை. 1799 யூன் மாதத்தில் போர் மீண்டும் நெருங்கி விடுதி மூடப்பட்டபோது அவர் அங்கிருந்த காலம் சில மாதங்களே. ஆயினும் குழந்தைக்கு எண்ணின் பெயரையும் வடிவத்தையும் காட்டுமுன்னர், கூழாங்கற்களையும் பயற்றையும் கையில் கொடுத்து எண்ண வைக்கவேண்டும் என்ற அவரது எண்ணம் பின்னர் ஐரோப்பியக் கல்வியையே மாற்றியது. அவரிடம் சென்று தங்கிக் கற்றவர்களில் ஒருவரான ஜேர்மானியர் புரோபெல், 1840 இல் "கிண்டர்கார்டன்" என்ற பெயரை உலகுக்குத் தந்தார். கம்பளிப் பந்து, உருளை, எட்டுச் சிறு கனங்களாகப் பிரியும் மரக்கனம் என்று அவர் செய்த விளையாட்டுப் பொருள்களே இன்றைய கல்வி விளையாட்டுகளின் மூதாதையர் எனலாம். 1851 இல் பிரஷ்ய அரசு அவரது பாலர் பள்ளிகளைத் தடைசெய்தது. குழந்தைகள் விளையாடிக் கற்பது கூட ஓர் அரசுக்கு அச்சம் தந்த காலமும் இருந்தது.

அடுத்தவர் மரியா மொன்ரிசோரி. உரோமாபுரியின் வறியோர் குடியிருப்பான சான் லொரென்சோவில் 1907 இல் தமது முதற் பள்ளியைத் திறந்த இத்தாலிய மருத்துவர் இவர். அவர் வடிவமைத்த பொன்மணிகளை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். ஒரு மணி ஒன்று. பத்து மணிகளைக் கம்பியில் கோத்தால் ஒரு கோல். பத்துக் கோல்களை இணைத்தால் நூறு மணிகள் கொண்ட சதுரம். பத்துச் சதுரங்களை அடுக்கினால் ஆயிரம் மணிகள் கொண்ட கனம். ஒன்றைத் தூக்கும் பிள்ளை விரல்நுனியால் தூக்குகிறது. ஆயிரத்தைத் தூக்க இரு கைகளும் வேண்டும். ஆயிரம் என்பது ஒன்றுக்கு அருகே மூன்று பூச்சியம் இடுவதன்று, அதற்குப் பாரம் உண்டு என்பதைப் பிள்ளையின் கை அறிந்துகொள்கிறது.

1939 இல் மொன்ரிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், பிரித்தானிய ஆட்சியின் கண்ணில் அவர் பகை நாட்டவர் ஆனார். மகன் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். தாயின் நடமாட்டம் அடையாறு வளவுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. அவரது எழுபதாவது பிறந்தநாளை ஒட்டியே மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர் கொடைக்கானலில் தங்கிப் பணியாற்றிய அவர், 1944 இல் இலங்கைக்கும் வந்தார். இலங்கையில் பாலர் பள்ளியை "மொன்ரிசோரி" என்றே அழைக்கும் வழக்கம் வேரூன்றியிருப்பதை நாம் அறிவோம். அப்பெயருக்குப் பின்னால், பிற நாட்டில் தடுத்து வைக்கப்பட்டும் பணியை நிறுத்தாத முதிய பெண்மணி ஒருவர் நிற்கிறார் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இந்த வரிசையில் பெல்ஜியம் நாட்டு ஆசிரியர் ஜோர்ஜ் கியூசினேர் 1952 இல் அறிமுகப்படுத்திய வண்ணக் கோல்களையும் சேர்க்கவேண்டும். ஒரு சென்ரிமீற்றர் முதல் பத்துச் சென்ரிமீற்றர் வரை பத்து நீளங்கள், பத்து வண்ணங்கள். சிவப்பு இரண்டு, இளம்பச்சை மூன்று. இரண்டையும் தொடுத்து வைத்தால் மஞ்சளாகிய ஐந்தின் நீளம். கூட்டல் கண்ணெதிரே நிகழ்கிறது.

இயந்திரம் ஆசிரியரானது

1953 நவம்பரில் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் தமது மகளின் வகுப்புக்குச் சென்றார். அங்கே கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. விரைவாகச் செய்து முடித்த பிள்ளைகள் சும்மா இருந்தனர். விளங்காத பிள்ளைகள் தவித்தனர். செய்தது சரியா பிழையா என்பது எவருக்கும் உடனே தெரியவில்லை. இக்குறைகள் உண்மையானவை. அவற்றைத் தீர்க்க அவர் 1954 இல் கற்பிக்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். பாடம் சிறு சிறு படிகளாக வெட்டப்பட்டது. பிள்ளை விடையை இட்டதும், சரியா என்பதை இயந்திரம் உடனே காட்டியது. சரியென்றால் அடுத்த படி.

இன்று எமது பிள்ளைகளின் திரையில் சொரியும் நட்சத்திரங்களின் பிறப்பிடம் அதுவே. 1960 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய "பிளேற்றோ" என்னும் கணனித் திட்டம் கணனிவழிக் கற்பித்தலுக்கு வழி திறந்தது. 1976 இல் ரெக்சஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனம் "லிற்றில் புரொபசர்" என்ற கைக்கருவியை விற்பனைக்கு விட்டது. அது தலைகீழான கணிப்பான். நாம் கேட்க அது விடை சொல்வதில்லை. அது கேட்க நாம் விடை சொல்லவேண்டும். பிழையான விடைக்குத் திரையில் மூன்று "ஈ" எழுத்துகள் தோன்றும். 1983 இல் வந்த "மாத் பிளாஸ்ரர்" கணக்கைக் கணனி விளையாட்டாக்கியது. பிரான்சில் 1992 இல் வெளிவந்த "அடிபு", பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குள் கணனிவழிக் கல்வி விளையாட்டைக் கொண்டுவந்தது.

இவ்வகை விளையாட்டுகளை நாம் முற்றாகப் பழிக்கவில்லை. வாய்பாடு மனதில் பதிய மீண்டும் மீண்டும் செய்வதே வழி. எண்சுவடி செய்ததும் அதுவே. ஆனால் இயந்திரத்தின் கேள்விக்குப் பிள்ளை விடை சொல்லும் இம்முறையில், கேள்வி எப்போதும் இயந்திரத்துக்கே உரியது. ஏழும் எட்டும் எவ்வளவு என்று அது கேட்கும். ஏன் என்று கேட்காது. பிள்ளை ஏன் பிழைவிட்டது என்பதும் அதற்குத் தேவையில்லை.

ஆமையை நடத்திய பிள்ளைகள்

இதனைத் தலைகீழாக்கியவர் சீமோர் பாப்பேர்ட். 1928 இல் தென்னாபிரிக்காவின் பிரிற்றோரியாவில் பிறந்து, நிறவெறி ஆட்சிக்கு எதிராக இயங்கி, 1954 இல் நாட்டை விட்டு வெளியேறியவர். ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றிப் பின்னர் அமெரிக்கா சென்றார். 1967 இல் அவரும் சிந்தியா சொலமன், வொலஸ் பியூர்சைக் முதலியோரும் சேர்ந்து "லோகோ" என்னும் கணனி மொழியைப் பிள்ளைகளுக்காகவே ஆக்கினர். கணனி பிள்ளையை இயக்குவதை விடுத்து, பிள்ளை கணனியை இயக்கவேண்டும் என்பதே அவரது அடிப்படை.

சில ஆண்டுகளில் லோகோவுக்கு ஓர் ஆமை கிடைத்தது. முதலில் தரையில் ஊரும் இயந்திர ஆமை. பின்னர் திரையில் ஊரும் சிறு முக்கோணம். அது போகும் வழியில் கோடு விழும். "முன்னே நூறு, வலப்பக்கம் தொண்ணூறு" என்று நான்கு முறை கட்டளையிட்டால் ஒரு சதுரம் வரைந்து முடியும். அடுத்துப் பிள்ளை முக்கோணம் வரைய விரும்புகிறது. சம முக்கோணத்தின் கோணம் அறுபது பாகை என்று புத்தகத்தில் படித்திருக்கிறது. ஆகவே அறுபது என்று கட்டளையிடுகிறது. ஆமை முக்கோணம் வரையாமல் அறுகோணத்தின் வழியே போகிறது!

இங்கேதான் பாப்பேர்ட்டின் பெருமை விளங்குகிறது. சிவப்புப் புள்ளடி இல்லை. மூன்று "ஈ" எழுத்துகள் இல்லை. எழுந்து நீயே ஆமையாக நடந்து பார் என்பதே அவர் காட்டிய வழி. பிள்ளை தரையில் முக்கோணமாக நடக்கிறது. மூலையில் தன் உடல் எவ்வளவு திரும்புகிறது என்பதை உணர்கிறது. திரும்ப வேண்டியது உட்கோணமான அறுபதன்று, நூற்றிருபது! மூன்று முறை நூற்றிருபது முந்நூற்றறுபது. நான்கு முறை தொண்ணூறும் முந்நூற்றறுபது. ஆறு முறை அறுபதும் முந்நூற்றறுபது. எந்த உருவைச் சுற்றி வந்தாலும், புறப்பட்ட திசைக்கே திரும்பும்போது உடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருக்கிறது. ஒரு பிழையிலிருந்து ஒரு தேற்றம் பிறந்துவிட்டது. மணலில் எழுதிய பிள்ளை உள்ளங்கையால் அழித்துவிட்டு மீண்டும் எழுதியது போல, இங்கும் பிழை குற்றமன்று. அடுத்த முயற்சிக்கான வழி.

பெட்டிகள் வந்தன, ஆசிரியர் எங்கே?

பாப்பேர்ட்டின் நூல் 1980 இல் வெளிவந்ததும் அரசுகள் விழித்துக்கொண்டன. 1985 சனவரியில் பிரெஞ்சுப் பிரதமர் லோறன் பபியூஸ் "எல்லோருக்கும் கணனி" என்ற திட்டத்தை அறிவித்தார். ஒரு கோடியே பத்து இலட்சம் மாணவருக்காக 120,000 கணனிகள். பெரும்பாலானவை உள்நாட்டுத் தொம்சன் நிறுவனத்தின் தயாரிப்புகள். பெட்டிகள் விரைவாக வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டு என்ன செய்வது என்று ஆசிரியர்கள் ஆழ்ந்து பழகும் காலம் வரவில்லை. பத்தாண்டு முடிவதற்குள் அத்திட்டம் முடிவுற்றது.

இதற்கு முன்பே, 1984 இல், நியூயோர்க்கைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் லோகோ பயின்ற பிள்ளைகளை ஆராய்ந்து, திட்டமிட்டுச் சிந்திப்பதில் அவர்கள் மற்றப் பிள்ளைகளை விட முன்னேறிவிடவில்லை எனக் கண்டனர். ஆமை மாத்திரம் போதவில்லை. பாப்பேர்ட் இதற்கு மறுமொழி கூறும்போது, மரத்தால் கட்டிய வீடொன்று விழுந்தால் பழி மரத்துக்கா என்று கேட்டார். அவரது மறுமொழியும் ஆய்வாளரின் முடிவும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன: கட்டுபவர் வேண்டும்.

பின்வந்த நல்ல முயற்சிகளும் இதையே சொல்கின்றன. இன்று உலகெங்கும் பயன்படும் கான் அக்கடமி ஒரு நிறுவனத்தின் திட்டமாகப் பிறக்கவில்லை. வங்காளக் குடும்பத்தில் பிறந்த சல்மான் கான், 2004 இல், தொலைவில் வாழ்ந்த தமது ஒன்றுவிட்ட தங்கை ஒருத்திக்குத் தொலைபேசி வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் அது தொடங்கியது. 2012 இல் நோர்வேயில் வெளிவந்த "டிராகன் பொக்ஸ்" என்னும் விளையாட்டில், பிள்ளை படங்களை நகர்த்தி ஒரு பெட்டியைத் தனிமைப்படுத்துகிறது. படிப்படியாகப் படங்கள் மறைந்து எழுத்துகள் ஆகும்போது, தான் செய்வது அட்சரகணிதம் என்று தெரியவருகிறது. அருமையான விளையாட்டு. ஆனால் விளையாட்டில் நகர்த்தியதற்கும் கொப்பியில் எழுதுவதற்கும் இடையே பாலம் போட ஒருவர் அருகே இருந்து பேசவேண்டியிருக்கிறது.

எமது மொழியும் எமது பொறுப்பும்

"எமக்கு இந்நாட்டு மொழி தெரியாது, நாம் எவ்வாறு கணக்குச் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று கூற விரும்புகிறோம். தொண்ணூற்றேழு என்பதைப் பிரெஞ்சுப் பிள்ளை "நான்கு இருபது பத்து ஏழு" என்ற பொருள்படச் சொல்லவேண்டும். ஜேர்மன் பிள்ளை "ஏழும் தொண்ணூறும்" என்று பின்னிருந்து சொல்லவேண்டும். நோர்வேயில் இந்தத் தலைகீழ் முறை குழப்பம் தருகிறதென்று 1951 இல் அரசே அதை மாற்றியது. தமிழில் இருபத்திமூன்று என்றால் இரு பத்தும் மூன்றும்; பதினாறு என்றால் பத்தும் ஆறும். தொண்ணூறு, தொள்ளாயிரம் போன்ற சில விலக்குகள் உண்டெனினும், எமது எண்ணுப் பெயர்கள் பெரும்பாலும் தம்மைத் தாமே விளக்குவன. 1995 இல் வெளிவந்த ஓர் ஆய்வு சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டது. பத்து வரை எண்ணுவதில் வேறுபாடு இல்லை. பத்தைத் தாண்டியதும் சீனப் பிள்ளைகள் முந்தினர். அவர்களது மொழியில் பதினொன்று "பத்து ஒன்று" என்றே அமைந்திருப்பதை ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டினர். தமிழில் எண்ணத் தெரிந்த பிள்ளைக்கும் அத்தகைய வழி ஒன்று திறந்தே இருக்கிறது. அதனைப் பூட்டிவைப்பது நாமே.

தாயிடம் கருவிகளுக்கும் குறைவில்லை. பல்லாங்குழியில் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தாக இட்டால் எத்தனை கொட்டைகள்? இந்தக் குழியில் தொடங்கினால் கடைசிக் கொட்டை எங்கே விழும்? கொட்டையை எடுக்குமுன் மனதில் கணக்குப் போடாதவர் வெல்லமாட்டார். தாயமும் அவ்வாறே. இவற்றுக்கு மின்சாரமும் வேண்டாம், பிரெஞ்சும் வேண்டாம். எதிரே இருந்து விளையாட ஒருவர் வேண்டும். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளும் எழுத்தோடு எண்ணையும் தமிழிற் சொல்லிக்கொடுத்தால், பிள்ளைக்குக் கணக்கு இரண்டு மொழிகளில் விளங்கும்.

தொடுதிரையைத் தூக்கி எறியுமாறு நாம் கூறவில்லை. அதில் நல்லதும் உண்டு. ஆயின் பிள்ளைக்கு அதைக் கொடுக்கும்போது நாமும் அருகில் அமரவேண்டும். "இது ஏன் இப்படி வந்தது?" என்று தமிழிற் கேட்கவேண்டும். பிள்ளை எமக்கு விளக்கட்டும். விளக்கும்போது அதற்கே விளங்கும். எழும்பூரில் எட்டு வயதுச் சிறுவன் பிறருக்குக் கற்பித்தான் அல்லவா? எமது பிள்ளை எமக்குக் கற்பிப்பதில் என்ன தாழ்வு?

போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஸ்ரான்ஸில் கூழாங்கல் கொடுத்த மனிதர் இருந்தார். எழும்பூர் அநாதைகளுக்கு மணல் பரப்பிய மனிதர் இருந்தார். எமது பிள்ளைகள் அநாதைகள் அல்லர். கணக்குக் கொப்பியின் முன்னால் மட்டும் அவர்களை அவ்வாறு ஆக்கிவிடாதிருப்போம்.